மாற்றுத்திறனாளிகளுக்கு ஆலோசகராக வேலை செய்ய என்ன படிக்க வேண்டும்?

பி.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு உசிலம்பட்டியில் இருக்கிறீர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஆலோசகராக வேலை செய்ய விருப்பம், அமெரிக்காவில் இதற்கென்றே தனி முதுநிலைப் பட்டம் இருப்பதாகப் படித்தீர்கள். மதுரைப் பக்கம் அப்படி ஒன்று உண்டா, இல்லையென்றால் தபால் வழியில் எம்.எஸ்சி. உளவியல் முடித்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். பார்த்தால் எந்தக் காலேஜ் என்ற கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் கடைசியில், "அவங்க முன்னாடி போய் உட்கார எனக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். படிப்பு விவரத்தை முதலில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். நான் சமூகப்பணியில் முதுநிலை படித்து, பிறகு மறுவாழ்வு உளவியலில் பட்டயம் முடித்து, மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். பெரும்பாலும் தண்டுவடம் அடிபட்டவர்கள், அடுத்து நாள்பட்ட மனநோயிலிருந்து மீண்டு வருகிறவர்கள். குழந்தைகளோடு, குறிப்பாக ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு, என் அனுபவம் குறைவு. உங்கள் மனம் அந்தப் பக்கம் இருந்தால் ஒரு நல்ல சிறப்பாசிரியரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அமெரிக்காவில் ரிஹாபிலிடேஷன் கவுன்சலிங், அதாவது மறுவாழ்வு ஆலோசனை, என்று தனி முதுநிலைப் பட்டம் இருப்பது உண்மைதான். 1954ல் வந்த தொழில்சார் மறுவாழ்வுச் சட்டம் பல்கலைக்கழகங்களில் இந்தப் பயிற்சிக்குப் பணம் கொடுத்தது, அங்கிருந்துதான் இந்தப் படிப்பு பரவியது. 1974லிருந்து சான்றிதழ் கொடுக்கத் தனி ஆணையமே இருக்கிறது. இன்றைக்கு அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் 60 கிரெடிட், அதில் முதல் கட்டப் பயிற்சி 100 மணி நேரம், பிறகு இன்டர்ன்ஷிப் 600 மணி நேரம், அந்த 600ல் குறைந்தது 240 மணி நேரம் நேரடியாக ஆட்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அங்கே இந்தப் பட்டம் நிலைத்ததற்குக் காரணம், படித்து முடித்தவர்களை எடுத்துக்கொள்ள ஒவ்வொரு மாநிலத்திலும் அரசின் தொழில்சார் மறுவாழ்வுத் துறை இருந்ததுதான். இங்கே அந்த அளவுக்கு ஆள் எடுக்கும் துறை எதுவும் உருவாகவில்லை. சென்னை கிண்டியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம் இருக்கிறது, மாவட்டந்தோறும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டம் வந்திருக்கிறது. ஆனால் ஆலோசகர் என்ற பதவியை நடுவில் வைத்து இவை அமைக்கப்படவில்லை. அதனால்தான் நீங்கள் தேடுகிற பெயரில் நம் பக்கம் ஒரு பட்டம் கண்ணில் படுவதில்லை.

நம் நாட்டில் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இந்திய மறுவாழ்வு மன்றம், எல்லோரும் ஆர்.சி.ஐ. என்பார்கள். அதற்கு அடிப்படை 1992ல் வந்த சட்டம். மறுவாழ்வுத் துறையில் தொழில் செய்கிறவர்கள் மன்றத்தின் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும், பதியாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. யார் யார் பதிய வேண்டும் என்ற பட்டியலில் மருத்துவ உளவியலாளர், மறுவாழ்வு உளவியலாளர், மறுவாழ்வு சமூகப்பணியாளர், தொழில்வழி ஆலோசகர் எல்லோரோடும் மறுவாழ்வு ஆலோசகரும் உண்டு. இதுவரை நிச்சயம். நடைமுறை வேறு மாதிரி. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுநிலை) முடித்தவர்களும் எம்.எஸ்சி. உளவியல் முடித்தவர்களும் பதிவு இல்லாமலேயே தொண்டு நிறுவனங்களில் ஆலோசகர் என்ற பெயரில் வேலை பார்க்கிறார்கள், அது சரியா தவறா என்பதில் துறைக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. இதோடு, 2021ல் வந்த துணை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம், ஆர்.சி.ஐ.க்குள் வரும் மருத்துவ உளவியலாளர்களை விட்டுவிட்டு, மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் கோடு எங்கே விழும் என்று இன்றைக்கு ஒருவர் அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். என் யோசனை, பதிவு கிடைக்கிற படிப்பாகப் பார்த்துச் சேருங்கள். பின்னால் எந்தப் பக்கம் கோடு விழுந்தாலும் உங்கள் வேலைக்கு ஆபத்து வராது.

தபால் வழிப் படிப்பைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம், அந்தக் கதவு மூடிவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளுக்குத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேர்க்கை நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. இன்னும் யாராவது சீட்டு இருக்கிறது என்று போன் செய்தால் பணம் கட்டிவிடாதீர்கள். இன்னொன்று, பழைய ஆட்கள் எம்.ஃபில். போங்கள் என்பார்கள். எம்.ஃபில். பட்டத்தையே 2022 விதிமுறையில் நிறுத்திவிட்டார்கள், மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு இருந்தது. ஆகவே எங்கள் காலத்து வழியை அப்படியே பிடிக்காதீர்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் எந்தப் படிப்புக்கு, எந்த நிறுவனத்துக்கு, எந்த ஆண்டு வரை அனுமதி என்று பட்டியல் இருக்கும். நீங்கள் சேர்கிற ஆண்டு அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு விண்ணப்பம் போடுங்கள்.

இடம் என்று எடுத்தால், பெண்கள் கல்லூரியான திருச்சி ஹோலி கிராஸில் மறுவாழ்வு அறிவியலுக்கென்றே ஒரு துறை பல காலமாக இருக்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட் 2005லிருந்து நடக்கிறது. பல குறைபாடுகள் சேர்ந்து இருப்பவர்களுக்கான நிறுவனம் அது, நோயாளிகளும் மாணவர்களும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. வீட்டிலிருந்தே போய்வர வேண்டும் என்றால் அழகர்கோவில் ரோட்டில் மதுரை இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் சயின்சஸில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாம், உசிலம்பட்டி பஸ் ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து டவுன் பஸ். மருத்துவ, மனநல சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடுங்கள். எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் முடித்தால் பதிவேட்டில் இடம் தானாகக் கிடைத்துவிடாது, அதற்கு மேல் ஆர்.சி.ஐ. அனுமதித்த ஒரு படிப்பும் தேவைப்படும். இருந்தாலும் களப்பணியை வாரத்துக்கு வாரம் விடாமல் வைக்கிற படிப்பு என்பதால் நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எந்த இடமானாலும் சேர்வதற்கு முன் அங்கே போய் இதைக் கேளுங்கள். படிப்பு முடிவதற்குள் மாற்றுத்திறனாளி ஒருவரோடு நான் நேரில் உட்கார்ந்து பேசும் நேரம் மொத்தம் எவ்வளவு, அதை யார் கவனிப்பார்கள்? பாடத்திட்டம் எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும் இதற்குப் பதில் இல்லையென்றால் அந்தப் படிப்பு உங்களுக்கு வேண்டாம். அமெரிக்கக் கணக்கைச் சொன்னேனே, அந்த 240 மணி நேரத்தில் விசேஷமே மேற்பார்வைதான், வாரம் ஒரு மணி நேரம் தனியாக, ஒன்றரை மணி நேரம் குழுவாக. மேற்பார்வை என்றால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது என்று இங்கே பல இடங்களில் நினைக்கிறார்கள். உண்மையான மேற்பார்வை எப்படி இருக்கும் என்றால், பேசியவரின் சம்மதத்தோடு பதிவு செய்த உரையாடலை உங்கள் மேற்பார்வையாளர் உங்களோடு உட்கார்ந்து கேட்பார். நடுவில் நிறுத்துவார். "அவர் 'இனிமே என்னத்த' என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தினாரே, நீங்கள் ஏன் உடனே உதவித்தொகை பற்றிச் சொல்ல ஆரம்பித்தீர்கள்? அந்த அமைதி உங்களுக்குத் தாங்கவில்லையா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நாம் பதில் யோசிக்கிற இடத்தில்தான் தொழில் கற்றுக்கொள்கிறோம். நல்லது செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் எதிரே இருப்பவருக்குப் பதிலாக நாமே முடிவெடுத்துவிடுவது இந்த வேலையில் நடக்கிற மிகப் பெரிய தவறு, அதை நாமாகவே கவனிக்க முடியாது, இன்னொருவர் காது வேண்டும்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். முதலில் உடம்பு தெரிய வேண்டும். உளவியல் படித்தவர்கள் இதை டாக்டர் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்ட ஒருவர் உங்கள் எதிரே பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, முகம் சிவந்து வியர்க்கிறது, படபடப்பு என்கிறார். பதற்றம் என்று நினைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னீர்களானால் ஆபத்து. சிறுநீர்ப்பை நிறைந்தோ, சிறுநீர் போகப் போட்டிருக்கும் குழாய் மடங்கியோ, மலச்சிக்கலாலோ ரத்த அழுத்தம் விறுவிறுவென ஏறும் நிலை அது, பக்கவாதம் வரை கொண்டுபோகும். படுத்திருந்தால் நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, குழாயைப் பார்த்து, உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அதே மாதிரி படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்காவிட்டால் புண் வரும், சக்கர நாற்காலியில் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும், குழாய் போட்டுச் சிறுநீர் எடுப்பவர்களுக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதைச் செய்தாக வேண்டும். இதெல்லாம் தெரியாமல் ஒருவரை வேலைக்கு அனுப்பினால், கம்பெனியில் சக்கர நாற்காலி நுழைகிற கழிவறை இருக்கிறதா என்று கேட்கத் தோன்றாது, அவர் ஒரே வாரத்தில் வேலையை விட்டதும் ஆர்வம் இல்லை என்று குறிப்பில் எழுதிவிடுவீர்கள்.

இரண்டாவது, தொழில். நம் ஊரில் ஒருவருக்குக் கால் போய்விட்டது என்றால் தெருவே கூடிச் சொல்வது பெட்டிக்கடை, ஜெராக்ஸ் கடை, ஆவின் பூத். சாரத்திலிருந்து விழுந்த ஒரு பெயிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் வேலை செய்தவர். சுவரைப் பார்த்தவுடன் எத்தனை லிட்டர், எத்தனை ஆள், எத்தனை நாள் என்று சொல்லிவிடுவார், வண்ணம் கலக்கத் தெரியும், ஆள் வைத்து வேலை வாங்கத் தெரியும், எந்த மேஸ்திரி காசு ஒழுங்காகக் கொடுப்பார் என்று தெரியும். அவரிடமிருந்து போனது சாரம் ஏறுவது மட்டும்தான். மிச்சம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மிட்டாய் பாட்டில் முன்னால் உட்காரவைப்பதை நான் மறுவாழ்வு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் செய்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, இன்றைக்கும் முடிவது எது, கருவி வைத்தால் முடிவது எது, வேறு தொழிலுக்குக் கொண்டுபோகக் கூடியது எது என்று அவரோடு சேர்ந்து எழுதிப் பார்ப்பதற்கு முறையான பயிற்சி உண்டு. அதைச் சொல்லித் தராத படிப்பு எனக்கு அரைப் படிப்பு. எல்லாம் பார்த்த பிறகும் அவரே பெட்டிக்கடைதான் வேண்டும் என்றால் சரி, அது அவர் முடிவு, கடைக்கு நல்ல இடம் பார்க்க உதவுங்கள்.

சட்டத்தில் வக்கீல் அளவுக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் படித்தே ஆக வேண்டும். 21 வகைக் குறைபாடுகள், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று இருந்தால் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீதம் என்பதெல்லாம் பலருக்கும் தெரியும். அதிகம் தெரியாதது 20ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு. அரசு நிறுவனத்தில் பணியில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு ஏற்பட்டால் அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும், இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். விபத்தில் கால் போன அரசு பஸ் டிரைவர் வீட்டில், இனி என்ன செய்ய என்று விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தப் பிரிவைக் காட்ட ஒரு ஆள் அங்கே இருந்தால் அந்தக் குடும்பத்தின் அடுத்த பல வருடங்கள் மாறிவிடும். மனதைத் தேற்றுவதைவிட இது பெரிய ஆலோசனை என்று சில நாள் எனக்குத் தோன்றும்.

குடும்பத்தைப் பற்றிப் புத்தகங்கள் சொல்வது நம் ஊருக்குக் கொஞ்சம்தான் பொருந்தும். தனியாக ஒருவர் வருவது அபூர்வம். அம்மா, அண்ணன், தாய்மாமன், சமயத்தில் பக்கத்து வீட்டுக்காரரும் வருவார். "அவனுக்கு என்ன தெரியும், எங்ககிட்ட சொல்லுங்க" என்பார்கள். அவர்களை வெளியே அனுப்பினால் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள், உள்ளே வைத்தால் அவர் வாய் திறக்க மாட்டார். நான் செய்வது, முதலில் எல்லோரோடும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அப்புறம் அவரோடு மட்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது. கேள்வியை எப்போதும் அவரைப் பார்த்துக் கேட்பது, மாமா பதில் சொன்னாலும் திரும்ப அவரைப் பார்ப்பது. காது கேளாத பெண் வந்தால் அவள் அம்மாவை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், கல்யாணம் பற்றியோ வீட்டில் நடக்கும் அடி உதை பற்றியோ அம்மா வழியாக அவள் எப்படிச் சொல்வாள்? சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 2015ல் தில்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கிய பிறகு பயிற்சி பெற்றவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். தாம்பத்தியம் பற்றியும் படித்துவைத்துக்கொள்ளுங்கள். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு முதல் சில மாதத்திலேயே மனதில் இருக்கும் கேள்வி அது, நாம் கேட்காவிட்டால் அவர்கள் கேட்க மாட்டார்கள்.

அடுத்து, வகுப்பில் உறுதியாகச் சொல்லப்படும் சிலவற்றைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளைக் கரும்பலகையில் எழுதி, குறைபாடு வந்தவர்கள் எல்லோரும் இந்தப் படிகளைக் கடப்பார்கள் என்று சொல்வார்கள். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969ல் அதைச் சொன்னது மரணத்தை எதிர்நோக்கும் நோயாளிகளை வைத்து. குறைபாட்டோடு வாழப் போகிறவர்கள் அந்த வரிசையில் போகிறார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஒருவர் அழவில்லை என்றால் மறுப்பில் இருக்கிறார் என்று எழுதுவது அநியாயம். பீட்ரிஸ் ரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை முன்பே கவனித்துச் சொன்னார், குறைபாடு உள்ளவர் துக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று. உளத் தேர்வுகளும் அப்படித்தான், நகரத்தில் ஆங்கிலத்தில் படித்தவர்களை வைத்து அளவு செய்த ஒரு திறனறித் தேர்வை எட்டாவது வரை தமிழில் படித்தவருக்குக் கொடுத்துவிட்டு வருகிற எண்ணை நான் நம்ப மாட்டேன். மாறாக, கடுமையான மனநோய் உள்ளவர்களை நீண்ட முன்பயிற்சி என்று காத்திருக்க வைக்காமல், அவர்கள் விரும்பும் சாதாரண வேலையில் சீக்கிரம் சேர்த்து, சேர்ந்த பிறகும் கூடவே இருந்து ஆதரவு கொடுக்கும் முறைக்குப் பல நாடுகளில் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன, அதை நம்பிப் படிக்கலாம். ஆனால் மற்றக் குறைபாடுகளுக்கும் அதே பலன் வரும் என்று சொல்லும் அளவுக்கு ஆய்வு இல்லை.

மனநோய்ப் பக்கம் போவீர்களானால் ஏர்வாடியை மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில், சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகைத் தீயில் இறந்தார்கள். மதுரையிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தைப் பரீட்சைக்காக மட்டும் படிக்காதீர்கள்.

குறைபாடு உள்ளவர்களே ஆலோசகராக இருப்பதுதான் நல்லதா என்றும் கேட்டிருந்தீர்கள். அடித்துச் சொல்ல முடியாத விஷயம். ஆனால் இந்தத் துறையை நம் மாநிலத்தில் கட்டியவர்களைப் பாருங்கள். 1954ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார், வேலூரில் 1966ல் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981ல் தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். பார்வையற்ற ஜின்னா, மதுரை சுந்தரராஜன்பட்டியில் பார்வையற்றோர் சங்கத்தை வளர்த்தார். உங்களுக்குக் குறைபாடு இல்லாமல் இருக்கலாம், பரவாயில்லை. ஆனால் உங்கள் ஆசிரியர்களில், மேற்பார்வையாளர்களில், கூட வேலை செய்கிறவர்களில் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள், சேவை பெறுகிறவர்களாக மட்டும் அவர்களைப் பார்த்துப் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம்.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவாகத்தான் இருக்கும், வீட்டில் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன் ஓரிரு மாதம் எங்காவது தன்னார்வலராகப் போய் வாருங்கள். மனநல மறுவாழ்வு என்றால் மதுரையிலேயே எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது, பார்வை என்றால் சுந்தரராஜன்பட்டி, தண்டுவடம், கை கால் என்றால் ஆய்க்குடி. முதலில் கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். போன இடத்தில் ஆலோசனை சொல்ல ஆரம்பித்துவிடாமல், அவர்கள் நாள் எப்படிப் போகிறது, எழுந்து குளித்துக் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகிறது, பஸ் ஏற யார் உதவுகிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் நீங்கள் யோசிக்கிற கல்லூரியில் போன வருடம் முடித்த இரண்டு பேரைத் தேடிப்பிடித்து, படிப்பில் எத்தனை பேரோடு நேரில் உட்கார்ந்து பேசினீர்கள், யார் அதைக் கேட்டுத் திருத்தினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதினீர்களானால் அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.